தோற்ற அணிக்கு ஊர்வலம் நடத்திய மெல்போர்ன்... யார் இந்த ஃபிராங்க் வொரெல்? ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்னா உண்மையில் என்ன?

1961 பிப்ரவரி 17. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். திறந்த கார்கள் வரிசையாக ஊர்ந்து போகின்றன. ஆபீஸ் போனவர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே சாலையோரம் நின்று கையசைக்கிறது. கூடியவர்கள் ஐந்து லட்சம் பேர் வரை இருக்கும் என்பது அன்றிலிருந்து சொல்லப்பட்டு வரும் கணக்கு.

கோப்பை ஜெயிச்ச டீமுக்குத்தானே இப்படி எல்லாம் நடக்கும்? அதுதான் இல்லை. காரில் இருந்தவர்கள் டெஸ்ட் தொடரை 2-1 என்று தோற்றவர்கள். சொந்த ஊர் டீமும் இல்லை, கடல் கடந்து வந்திருந்த வெஸ்ட் இண்டீஸ். வெள்ளையர் அல்லாதவர்கள் வந்து குடியேறுவதைத் தடுக்கும் கொள்கை ஆஸ்திரேலியாவில் அமலில் இருந்த காலம் அது. அந்த நாட்டு மக்கள்தான், பெரும்பாலும் கறுப்பின வீரர்கள் இருந்த ஒரு அணியை இப்படி வழியனுப்பினார்கள்.

அந்த அணியின் கேப்டனுக்கு அப்போது வயது 36. பெயர் ஃபிராங்க் வொரெல்.

இன்றைக்கும் மேட்ச் முடிந்து யாராவது கைகுலுக்காமல் போனால், அவுட்டுன்னு தெரிஞ்சும் ஒருத்தர் நகராமல் நின்றால், அம்பயரிடம் ஒரு கேப்டன் சண்டைக்குப் போனால், உடனே சோஷியல் மீடியாவில் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் பற்றிய பாடம் ஆரம்பித்துவிடும். எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறதா அது? தோத்தாலும் சிரிக்கிறதா? இல்லை, ரூல்ஸ்படி ஆடினா மட்டும் போதுமா? வொரெலின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு தெளிவான பதில் கிடைக்கும்.

யார் இந்த வொரெல்?

கரீபியன் கடலில் இருக்கும் குட்டித் தீவு பார்படோஸ். அங்கே செயின்ட் மைக்கேல் பகுதியில் உள்ள பேங்க் ஹாலில், 1924 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தார் வொரெல். அவரை வளர்த்தது பாட்டி. வீட்டுக்குப் பக்கத்திலேயே எம்பயர் கிளப்பின் கிரிக்கெட் மைதானம். அப்புறம் என்ன, சின்ன வயசுலயே பந்தும் கையுமாகத் திரிந்தார். 17 வயதிலேயே பார்படோஸ் அணியில் இடது கை ஸ்பின்னராக நுழைந்துவிட்டார்.

பந்து வீச வந்தவர் பேட்டிங்கில்தான் முதலில் ஊரை வாய் பிளக்க வைத்தார். 1944-ல் டிரினிடாடுக்கு எதிராக 308 நாட் அவுட். அந்த இன்னிங்ஸில் ஜான் கோடார்டுடன் சேர்ந்து 502 ரன் பார்ட்னர்ஷிப். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே டிரினிடாடுக்கு எதிராக கிளைட் வால்காட்டுடன் சேர்ந்து 574. இரண்டு ஜோடியையும் கடைசி வரை பிரிக்க முடியவில்லை.

பார்படோஸின் அதே செயின்ட் மைக்கேல் பகுதியில், ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள் மூன்று பேர்: வொரெல், எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட். ஆங்கிலத்தில் மூவரின் பெயரும் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்குவதால் கிரிக்கெட் உலகம் இவர்களுக்கு வைத்த பெயர் த்ரீ டபிள்யூஸ். மூன்று பேருமே 1948-ல் இங்கிலாந்துக்கு எதிரான ஒரே தொடரில் டெஸ்ட் அறிமுகம் ஆனார்கள். வொரெல் தன் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் 97, அடுத்த டெஸ்ட்டில் சதம்.

1950-ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கிலாந்துக்குப் போய் முதல்முறையாக அங்கே தொடரை வென்றது. 3-1. நாட்டிங்காமில் வொரெல் அடித்தது 261. அந்தத் தொடரில் மட்டும் அவர் எடுத்தது 539 ரன்கள்.

சம்பளம் கேட்டதால் டீமில் இல்லை

அமைதியானவர், தன்மையானவர் என்றுதான் வொரெலை எல்லோரும் எழுதுவார்கள். உண்மைதான். ஆனா, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுகிற ஆள்னு நினைச்சா தப்பு.

1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி முதல்முறையாக இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட வந்தது. அந்த அணியில் வொரெல் இல்லை. ஃபார்ம் பிரச்னையா? கிடையாது. ஆடுவதற்கான பணம் பற்றி கிரிக்கெட் வாரியத்திடம் பேசினார். வாரியம் ஒப்புக்கொள்ளவில்லை, வொரெலும் இறங்கி வரவில்லை. தொழில்முறையாகக் கிரிக்கெட் ஆடிப் பிழைக்கும் ஒருவருக்கு ஒழுங்கான ஊதியம் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின வீரர் இதைக் கேட்பதையே திமிர் என்று பார்த்தவர்கள் உண்டு.

அப்புறம் இந்தியாவுக்கு வந்தாரா? வந்தார், வேறு வழியில். பல நாட்டு வீரர்களைக் கொண்ட காமன்வெல்த் அணியுடன் 1949 முதல் மூன்று முறை இங்கே சுற்றுப்பயணம் செய்தார். 1950-51 பயணத்தில் கேப்டன் லெஸ் ஏம்ஸுக்கு உடம்பு ஒத்துழைக்காதபோது, பல ஆட்டங்களில் அணியை நடத்தியது துணை கேப்டன் வொரெல்தான். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வெள்ளையர்கள் நிறைந்த அணி அவர் சொல்படி ஆடியது. சொந்த ஊரில் அவருக்குக் கிடைக்காத கேப்டன்சி, இந்திய மைதானங்களில் கிடைத்தது.

இடையில் படிப்பையும் விடவில்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார்.

கேப்டன் பதவி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடு கிடையாது. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட், கயானா என்று பல பகுதிகள் சேர்ந்த ஒரு கிரிக்கெட் அணி. இவை எல்லாமே அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. அணியில் ரன் அடிப்பவர்களும் விக்கெட் எடுப்பவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், இந்திய வம்சாவளியினர். கேப்டன் மட்டும் வெள்ளையராகவோ, வெள்ளைத் தோலுக்கு நெருக்கமான மேல்தட்டுக்காரராகவோ இருப்பார். இது எழுதப்படாத விதி.

1948-ல் மாபெரும் பேட்ஸ்மேன் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு அணியை நடத்தினார். அதோடு சரி. 1955-ல் ஆஸ்திரேலியா வந்தபோது வழக்கமான கேப்டன் ஸ்டால்மேயருக்குக் காயம். த்ரீ டபிள்யூஸ் மூவருமே அணியில் இருக்கிறார்கள். பொறுப்பு போனதோ அவர்களைவிட அனுபவம் குறைந்த டெனிஸ் அட்கின்சனிடம்.

1960-ல் டிரினிடாடில் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் இதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடத்தினார். கறுப்பினத்தவர் தலைமை தாங்கத் தகுதி இல்லாதவர் என்ற எண்ணத்தைக் கிரிக்கெட் வாரியம் காப்பாற்றி வருகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். தீவுகள் சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கிரிக்கெட் கேப்டன்சி அரசியல் கேள்வியாகவே ஆகிவிட்டது.

கடைசியில் வாரியம் இறங்கி வந்தது. 1960-61 ஆஸ்திரேலியத் தொடருக்கு வொரெல் கேப்டன். ஒரு முழுத் தொடருக்கும் நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினக் கேப்டன் அவர்தான்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அதுவரை கேப்டனாக இருந்த ஜெர்ரி அலெக்சாண்டர். பதவி போன பிறகும் முகம் சுளிக்காமல் விக்கெட் கீப்பராக, துணை கேப்டனாக வொரெலின் கீழ் ஆடினார். அந்தத் தொடரில் வெஸ்ட் இண்டீஸ் பேட்டிங் சராசரியில் முதலிடம் அவருக்கே. அவருடைய ஒரே டெஸ்ட் சதமும் அந்தத் தொடரில்தான் வந்தது. ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் பற்றிப் பேசும்போது எதிரணியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். சொந்த டீமுக்குள்ளேயும் அது தேவைன்னு அலெக்சாண்டரைப் பார்த்தா புரியும்.

கடைசி ஓவர், 6 ரன், 3 விக்கெட்

டெஸ்ட் கிரிக்கெட் அப்போது தூங்கி வழிந்துகொண்டிருந்தது. 1958-ல் பிரிஸ்பேனில் இங்கிலாந்தின் ட்ரெவர் பெய்லி 68 ரன் எடுக்க 458 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். மக்கள் மைதானத்துக்கு வருவதே குறைந்துபோனது. தோற்காமல் இருந்தால் போதும் என்ற பயம்தான் ஆட்டத்தைக் கொன்றுகொண்டிருந்தது.

அதே பிரிஸ்பேனில் 1960 டிசம்பர் 9 அன்று முதல் டெஸ்ட் தொடங்கியது. ஆஸ்திரேலிய கேப்டன் ரிச்சி பெனோ. இரண்டு கேப்டன்களுமே ஜெயிக்க ஆடினார்கள். வெஸ்ட் இண்டீஸ் 453, ஆஸ்திரேலியா 505. பிறகு வெஸ்ட் இண்டீஸ் 284. வொரெல் இரண்டு இன்னிங்ஸிலும் 65. கடைசி நாளில் ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 233.

92 ரன்னுக்கு 6 விக்கெட் போய்விட்டது. பெரும்பாலான கேப்டன்கள் அங்கேயே கட்டையைப் போட்டு டிரா பண்ணியிருப்பார்கள். பெனோவும் ஆலன் டேவிட்சனும் அடித்து ஆடி 134 ரன் சேர்த்தார்கள். டேவிட்சனை ஜோ சாலமன் நேராக ஸ்டம்ப்பில் எறிந்து ரன் அவுட் ஆக்க, ஆட்டம் தலைகீழானது.

கடைசி ஓவர். ஆஸ்திரேலியாவில் அப்போது ஓவருக்கு 8 பந்து. தேவை 6 ரன், கையில் 3 விக்கெட். பந்துவீச்சாளர் வெஸ் ஹால்.

முதல் பந்தில் ஒரு ரன். இரண்டாவது பந்தை எதிர்கொள்வது பெனோ. பவுன்சர் போடாதே என்று ஹாலிடம் வொரெல் சொல்லி வைத்திருந்தார். ஹால் போட்டதோ பவுன்சர். பெனோ அவுட். ஹால் துள்ளிக்கொண்டு வர, அது மட்டும் பேட் விளிம்பில் பட்டு பவுண்டரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கச் சொன்னாராம் வொரெல். ஹால் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே பலமுறை சொன்ன கதை இது.

நான்காவது பந்தில் ஒரு பை. ஐந்தாவது பந்தில் வாலி கிரவுட் வானத்துக்குத் தூக்கி அடித்தார். பிடிக்கத் தயாராக நின்றவர் ரோஹன் கன்ஹாய். ஹால் ஓடிவந்து குறுக்கே பாய்ந்து கேட்ச்சை விட்டார். இந்த இடத்தில் இன்னொரு கேப்டன் என்றால் மைதானம் அதிர்ந்திருக்கும். வொரெல் திட்டவில்லை, பதறவும் இல்லை.

ஆறாவது பந்தில் இரண்டு ரன் எடுத்து ஸ்கோர் சமம். வெற்றிக்கான மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது கான்ராட் ஹன்ட் எல்லையிலிருந்து எறிந்த பந்தில் கிரவுட் ரன் அவுட். இப்போது ஒரு ரன், ஒரு விக்கெட், இரண்டு பந்து. மறுபடியும் ஹாலிடம் வந்தார் வொரெல். நோ பால் மட்டும் போட்டுவிடாதே, போட்டால் நீ பார்படோஸில் கால் வைக்க முடியாது என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். ஹால் வழக்கத்தைவிட ஓரடி பின்னாலேயே காலை வைத்துப் பந்து போட்டார்.

ஏழாவது பந்து. லிண்ட்சே கிளைன் தட்டிவிட்டு ஓடினார். மறுபடி சாலமன். பக்கவாட்டிலிருந்து அவருக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு ஸ்டம்ப். எறிந்தார், பட்டது. இயன் மெக்கிஃப் ரன் அவுட்.

ஆட்டம் டை! 83 வருட டெஸ்ட் வரலாற்றில் முதல்முறை. யார் ஜெயித்தார்கள் என்று களத்தில் இருந்தவர்களுக்கே முதலில் புரியவில்லை. அன்று இரு அணி வீரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டும் பேச்சுமாகப் பொழுதைக் கழித்தார்கள்.

இன்னொரு டெஸ்ட் டை ஆவதற்கு 26 ஆண்டுகள் ஆனது. அது நடந்தது நம்ம சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பரில், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதியபோது. இன்று வரை ஆண்கள் டெஸ்ட்டில் இந்த இரண்டு டைகள் மட்டும்தான்.

இரண்டு தீர்ப்புகள், ஒரே பதில்

டை ஆனபோது நண்பர்களாக இருப்பது ஈஸி. அடுத்து நடந்ததுதான் உண்மையான சோதனை.

இரண்டாவது டெஸ்ட் ஆஸ்திரேலியாவுக்கு, மூன்றாவது வெஸ்ட் இண்டீஸுக்கு. நான்காவது டெஸ்ட் அடிலெய்டில். கடைசி நாள் ஆஸ்திரேலியாவின் 9 விக்கெட்டும் போய்விட்டது. களத்தில் கென் மெக்கேவும் கடைசி பேட்ஸ்மேன் கிளைனும். வொரெல் வீசிய பந்தை மெக்கே தட்ட, சோபர்ஸ் கேட்ச் பிடித்தார். முடிந்தது என்று வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் பெவிலியனை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்பயர் நாட் அவுட் என்றார். பந்து தரையில் பட்டு எழும்பியது என்பது அவர் பார்வை.

வீரர்கள் திரும்பி வந்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஜோடி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து ஆட்டத்தை டிரா ஆக்கியது.

ஐந்தாவது டெஸ்ட் மெல்போர்னில். தொடர் 1-1. ஒரே நாளில் 90,800 பேர் பார்க்க வந்த ஆட்டம், அப்போது அது உலக சாதனை. கடைசி நாளில் ஆஸ்திரேலியாவின் வெற்றிக்குச் சில ரன்களே பாக்கி. வாலன்டைன் பந்தை கிரவுட் கட் செய்தார். பெயில் கீழே விழுந்து கிடந்தது. கீப்பர் அலெக்சாண்டர் அதைச் சுட்டிக்காட்டினார். பேட்ஸ்மேன்களோ ஓடி இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். அம்பயர்கள் கலந்து பேசினார்கள். பெயில் எப்படி விழுந்தது என்று உறுதியாகத் தெரியாததால் நாட் அவுட். ரன்னும் செல்லும். இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா ஜெயித்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு தீர்ப்பு மாறியிருந்தால் அடிலெய்டு வெற்றி. இன்னொன்று மாறியிருந்தால் மெல்போர்ன் எப்படி வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம். மொத்தத் தொடரே கைமாறியிருக்கலாம். டிஆர்எஸ் கிடையாது, ரீப்ளே கிடையாது, நடுநிலை நாட்டு அம்பயர் கிடையாது. இரண்டு தீர்ப்புமே உள்ளூர் அம்பயர்களுடையது. வொரெல் களத்திலும் வாதம் பண்ணவில்லை, வெளியே வந்தும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

இதில் கசப்பான ஒரு பக்கமும் இருக்கிறது. பெனோவோ வேறு எந்த வெள்ளைக் கேப்டனோ ஒரு முறை கோபப்பட்டிருந்தால் அது ஒரு மனிதரின் கோபம், அவ்வளவுதான். வொரெல் கோபப்பட்டிருந்தால் அது ஒரு இனத்தின் மீது எழுதப்பட்டிருக்கும். இதுக்குத்தான் இவங்ககிட்ட கேப்டன்சி கொடுக்கலைன்னு சொல்லக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்கு அழகு சேர்க்கும் நற்குணமாக இருந்தது, அவருக்குத் தவறவே கூடாத பரீட்சையாக இருந்தது. அது நியாயமில்லை. அந்த அநியாயமான பரீட்சையையும் எழுதி, அதில் தேறினார் என்பதுதான் அவர் பெருமை.

தொப்பி, டை, கோட்

பிரிஸ்பேன் டைக்குப் பிறகு ஆஸ்திரேலியத் தரப்பு ஒரு முடிவு எடுத்தது. இரு அணிகளும் இனி மோதும் தொடர்களுக்கு ஒரு கோப்பை செய்வது, அதற்கு எதிரணி கேப்டனின் பெயரை வைப்பது. அப்போதைய ஆஸ்திரேலிய வாரியத் தலைவர் டான் பிராட்மேன். முன்னாள் வேகப்பந்து வீச்சாளரும் நகை செய்பவருமான எர்னி மெக்கார்மிக் கோப்பையை வடிவமைத்தார். டை ஆன டெஸ்ட்டில் பயன்படுத்திய பந்து ஒன்றே அதன் உச்சியில் பதிக்கப்பட்டது.

மெல்போர்னில் தோற்ற கையோடு, தன் பெயர் போட்ட கோப்பையைத் தானே எடுத்து பெனோவிடம் கொடுத்தார் வொரெல். அதோடு நிற்கவில்லை. தலை உங்களுக்கு என்பதுபோலத் தன் தொப்பியைக் கொடுத்தார். கழுத்தும் உங்களுக்கு என்று டையைக் கழற்றிக் கொடுத்தார். உடம்பின் மேல்பாதிக்கு அடையாளமாகக் கோட்டையும் கொடுத்தார். கால்கள் பழசாகிவிட்டதால் கீழ்ப்பாதியைத் தர முடியாது என்று கிண்டல் வேறு. கூட்டம் ஆரவாரித்தது. சில நாள் கழித்து நடந்ததுதான் ஆரம்பத்தில் பார்த்த அந்த ஊர்வலம்.

பார்படோஸ் ஆஸ்பத்திரியில் நடந்தது

1962 மார்ச். இந்திய அணி வெஸ்ட் இண்டீஸில் ஆடிக்கொண்டிருந்தது. கேப்டன் நாரி கான்ட்ராக்டர், வயது 28. பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவர் தலையில் தாக்கியது. ஹெல்மெட் இல்லாத காலம். மண்டை ஓட்டில் முறிவு. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அவசர அறுவை சிகிச்சை.

ரத்தம் தேவைப்பட்டது. கொடுத்தவர்களில் எதிரணி கேப்டன் வொரெலும் ஒருவர். இந்திய வீரர்கள் சந்து போர்டே, பாபு நட்கர்னி, பாலி உம்ரிகர், பத்திரிகையாளர் கே.என். பிரபு ஆகியோரும் கொடுத்தார்கள்.

கான்ட்ராக்டர் பிழைத்தார். டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு மட்டும் திரும்ப முடியவில்லை. அவர் தலையில் பொருத்தப்பட்ட உலோகத் தகடு, 60 ஆண்டுகள் கழித்து 2022-ல்தான் எடுக்கப்பட்டது. அணியின் பொறுப்பு 21 வயது பட்டோடியின் தோளில் விழுந்தது.

அந்தத் தொடரை வெஸ்ட் இண்டீஸ் 5-0 என்று வென்றது. இதைச் சேர்த்துப் பார்க்கணும். ரத்தம் கொடுத்ததற்காக ஒரு டெஸ்ட்டைக்கூட வொரெல் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டத்தில் இரக்கம் காட்டுவது வேறு, ஆளிடம் இரக்கம் காட்டுவது வேறு.

அப்போ நல்லவரா இருந்தா மட்டும் போதுமா?

போதாது. 1963 லார்ட்ஸ் டெஸ்ட் இதற்கு சாட்சி. இங்கிலாந்துக்கு இலக்கு 234. ஹாலின் வேகப்பந்தில் காலின் கவுட்ரியின் இடது கை முறிந்தது. ஹாலும் கிரிஃபித்தும் அன்று உலகிலேயே பயமுறுத்தும் ஜோடி. அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்தியவர் இதே வொரெல்தான்.

கடைசி ஓவரில் இங்கிலாந்தின் டெரெக் ஷேக்கில்டன் ஒரு ரன்னுக்கு ஓட, பந்து வொரெலிடம் வந்தது. எறிந்தால் குறி தவறலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டம்ப்பை நோக்கி ஓடினார். எதிரே ஷேக்கில்டன். இருவருக்கும் 38 வயது, பிறந்த தேதியில் 11 நாள்தான் வித்தியாசம். ஓட்டத்தில் ஜெயித்தது வொரெல். 9 விக்கெட் காலி.

கட்டுப்போட்ட கையோடு இறங்கினார் கவுட்ரி. இன்னும் இரண்டே பந்து. அவர் எதிர்முனையில் நிற்க, டேவிட் ஆலன் இரண்டையும் தடுத்து ஆட, 6 ரன் பாக்கி இருக்க ஆட்டம் டிரா. தொடரை வெஸ்ட் இண்டீஸ் 3-1 என்று வென்றது. அதோடு வொரெல் ஓய்வு பெற்றார்.

கணக்கு இதோ: 51 டெஸ்ட், 3,860 ரன்கள், சராசரி 49.48, ஒன்பது சதம், 69 விக்கெட். கேப்டனாக 15 டெஸ்ட். 9 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா, ஒரு டை. தோற்று நல்ல பெயர் வாங்கியவர் அல்ல அவர், ஜெயித்துக்கொண்டே நல்ல பெயர் வாங்கியவர்.

42 வயதில் முடிந்த வாழ்க்கை

ஓய்வுக்குப் பிறகு 1964-ல் சர் பட்டம் வந்தது. ஜமைக்கா செனட்டில் உறுப்பினராக இருந்தார், வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு வேலை பார்த்தார். 1965-ல் சோபர்ஸ் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் முதல்முறையாக ஃபிராங்க் வொரெல் டிராபியை வென்றபோது அணியின் மேனேஜர் அவர்தான்.

1966-67-ல் இந்தியா வந்திருந்தபோது அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1967 மார்ச் 13 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் காலமானார். வயது 42. கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுக்கூட்டம் நடந்தது. ஒரு விளையாட்டு வீரருக்காக அங்கே நடந்த முதல் நினைவுக்கூட்டம் அது.

பார்படோஸின் ஐந்து டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம். கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் வால்காட்டும் வீக்ஸும் அங்கேயே அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில், மேற்கு வங்கக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3-ஐ ஃபிராங்க் வொரெல் தினமாகக் கடைப்பிடித்து, ரத்ததான முகாம் நடத்தி வருகிறது.

சரி, ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்றால் என்ன?

2000-ம் ஆண்டு கிரிக்கெட் விதிப் புத்தகத்தின் முகப்பில் ஆட்டத்தின் உணர்வு பற்றிய முன்னுரை ஒன்று சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டுவர முயற்சி எடுத்தவர்களில் ஒருவர், லார்ட்ஸில் கை முறிந்து நின்ற அதே கவுட்ரி. ஆட்டம் நேர்மையாக நடப்பதற்கு முதல் பொறுப்பு கேப்டன்களுடையது என்று அது வகுத்தது. வொரெல் நாற்பது வருஷம் முன்னாடியே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

முழு மூச்சாக ஜெயிக்கப் பார்க்கணும். அரைமனசாக ஆடுவது எதிராளிக்குச் செய்யும் மரியாதை கிடையாது.

தீர்ப்பு சொல்ல ஒருவரை ஏற்றுக்கொண்டால், அது நமக்கு எதிராக வரும்போதும் ஏற்கணும். சாதகமாக வரும்போது ஏற்பதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

தவறவிட்ட சக வீரரை நாலு பேர் முன்னால் சிறுமைப்படுத்தக் கூடாது. ஹாலின் கையிலிருந்து கேட்ச் நழுவிய அடுத்த நிமிஷமும் அதே ஹால்தானே பந்து போட வேண்டியிருந்தது?

நியாயமான ஊதியம், நியாயமான வாய்ப்பு கேட்பதற்கும் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்புக்கும் பகை இல்லை. வாரியத்தோடு மோதிய வொரெலும், அம்பயருக்குக் கட்டுப்பட்ட வொரெலும் ஒரே ஆள்தான். களத்துக்கு வெளியே அநியாயத்தைக் கேள்வி கேட்டார், களத்துக்குள் விதிக்குக் கட்டுப்பட்டார்.

எதிரில் நிற்பவர் இல்லாமல் ஆட்டமே இல்லை. பெனோவும் டேவிட்சனும் பயந்து கட்டை போட்டிருந்தால், பிரிஸ்பேனை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

வெஸ்ட் இண்டீஸும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் தொடர் ஆடும்போதெல்லாம் இன்றைக்கும் மோதுவது அந்தக் கோப்பைக்காகத்தான். அதில் இருப்பது, அதற்கான முதல் தொடரில் தோற்ற கேப்டனின் பெயர். அந்தப் பெயரை வைத்தது, ஜெயித்தவர்களின் நாடு.